போன் எடுக்கும் இயந்திரத்தை மண்டிக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி?



மொத்த வியாபாரக் கடைக்கு வாசல் இரண்டு. ஒன்று தெருவைப் பார்த்த வாசல், மற்றொன்று தொலைபேசி. தெரு வழியாக வருகிறவரை "வாங்க, உட்காருங்க" என்று வரவேற்கிறோம். தொலைபேசி வழியாக வருகிறவருக்குப் பல கடைகளில் கிடைப்பது என்கேஜ் சத்தம்தான். காலையில் லாரி இறங்கும் நேரத்தில் நான்கு பேர் ஒன்றாகக் கூப்பிட்டால், ஒருவருக்குத்தான் பதில் கிடைக்கிறது. மற்ற மூவரும் அடுத்த மண்டிக்குப் போட்டு விடுகிறார்கள். இன்றைக்கு அவர்களுக்கு அடுத்த மண்டி மட்டும் அல்ல, செல்போனிலேயே ஆர்டர் எடுத்து கடை வாசலில் சரக்கு இறக்கும் பெரிய கம்பெனிகளும் இருக்கின்றன. எடுக்காமல் விட்ட போன் என்பது எழுதாமல் விட்ட சிட்டை.

இதை உணர்ந்து நம்மவர்கள் பலர் கடை இன்டர்காமோடு சேர்ந்து வரும் வாய்ஸ் மெயில் வசதியையும், தானாகப் போன் எடுக்கும் வசதியையும் வாங்கி வைக்கிறார்கள். ஆனால் வைத்த சில நாளிலேயே சில்லறைக் கடைக்காரர்களிடம் இருந்து ஒரு புகார் வருகிறது. "அண்ணாச்சி, உங்க கடைக்குப் போன் போட்டா ஒரு பொம்பளப் பிள்ளை பேசிக்கிட்டே இருக்கு. ஆளு மட்டும் வர மாட்டேங்குது" என்பார்கள். உடனே நாம் இயந்திரத்தைக் குறை சொல்லி, வயரைப் பிடுங்கி விடுகிறோம்.

இதில் இயந்திரத்தின் குறை பெரும்பாலும் இல்லை. வங்கிக்கும் விமானக் கம்பெனிக்கும் ஏற்றபடி அமைத்ததை அப்படியே மண்டியில் வைத்ததுதான் குறை. வங்கிக்குக் கூப்பிடுகிறவர் காத்திருப்பார், அவர் பணம் அங்கே இருக்கிறது. நமக்குக் கூப்பிடுகிறவர் காத்திருக்க மாட்டார், அவர் பணம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. ஆகவே நாம் கொள்ள வேண்டிய விதி ஒன்றே. கூப்பிடுகிறவர் எதையும் அழுத்தாவிட்டாலும், எதைத் தவறாக அழுத்தினாலும், அரை நிமிடத்துக்குள் ஓர் ஆளிடமோ அல்லது நாம் தவறாமல் கேட்கும் ஒரு பதிவுப் பெட்டியிடமோ போய்ச் சேர வேண்டும். இனி வரும் பாடம் முழுவதும் இந்த விதியை நிறைவேற்றும் வழிதான்.

இயந்திரம் செய்யும் மூன்று வேலைகள்

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து வெளியூர் விலை கேட்ட காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் எஸ்.டி.டி. முதன்முதலில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அமெரிக்காவில் 1963 நவம்பரில் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. சுழற்றும் போனில் இல்லாத ஒரு குணம் அதில் இருந்தது. ஒவ்வொரு பட்டனும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை அனுப்பும். படுக்கை வரிசைக்கு ஓர் ஒலி, செங்குத்து வரிசைக்கு ஓர் ஒலி. எண் 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து போகும். அந்த இரட்டை ஒலியைக் கேட்டுத்தான் மறுமுனையில் உள்ள இயந்திரம் எந்த எண் என்று அறிகிறது. குரலைப் பதிந்து வைத்துக் கொடுக்கும் வாய்ஸ் மெயில் முறைக்கு கார்டன் மேத்யூஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் வாங்கும் பெட்டி.

இந்தப் பெட்டி மூன்று வேலைகளைச் செய்யும். மூன்றையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

முதல் வேலை, வழி அனுப்புவது. வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு, உரிய போனுக்கு மாற்றுவது. இதற்கு ஆட்டோ அட்டெண்டன்ட் என்று பெயர்.

இரண்டாவது வேலை, பதிந்து வைப்பது. ஆள் இல்லாதபோது சொன்னதைப் பதிந்து வைத்து நமக்குக் கொடுப்பது. இதுதான் வாய்ஸ் மெயில்.

மூன்றாவது வேலை, தானே பதில் சொல்வது. இதை ஐ.வி.ஆர். என்கிறார்கள். ரயில் விவரத்துக்கு 139-ஐக் கூப்பிடுவதும், காஸ் சிலிண்டரைப் போனில் பதிவு செய்வதும் இந்த வகை. சாதாரண பட்டன் செல்போனில் இருந்தே பணம் அனுப்ப 2022 மார்ச்சில் தொடங்கிய யு.பி.ஐ. 123பே திட்டத்திலும் இந்த முறை உண்டு.

முதல் இரண்டு வேலைகளும் மண்டிக்கு மிகவும் உதவும். மூன்றாவதை மிகவும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காகிதம், பிறகு பெட்டி

பெட்டியை மாட்ட வரும் மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, "ஒண்ணுக்கு என்ன, ரெண்டுக்கு என்ன?" என்பதுதான். அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னால் தவறாகத்தான் முடியும். அதற்கு முன்பே ஒரு வாரம் கணக்கு எடுக்க வேண்டும்.

போன் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். ஆர்டர், விலை விசாரணை, லாரி விவரம், பில் மற்றும் பாக்கி, மற்றவை என்று ஐந்து கட்டம் போடுங்கள். யார் போன் எடுத்தாலும் உரிய கட்டத்தில் ஒரு கோடு கிழிக்கட்டும். எந்த மணிக்கு அதிகம் வருகிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மண்டியில் நூறு போன்களில் ஆர்டர் 46, விலை விசாரணை 24, லாரி விவரம் 14, பில் மற்றும் பாக்கி 10, தரகர் உள்ளிட்ட மற்றவை 6 என்று வருவதாக வைத்துக் கொள்வோம். ஐந்து வகை இருப்பதால் ஐந்து எண் கொடுக்கலாம் என்று தோன்றும். அது சரியல்ல. எதைப் பற்றிய போன் என்பதைக் கொண்டு பிரிக்காமல், யார் பதில் சொல்வார் என்பதைக் கொண்டு பிரிக்க வேண்டும். உளுந்து என்ன விலை என்று கேட்பவரும், உளுந்து பத்து மூட்டை போடு என்பவரும் ஒரே ஆளிடம்தான் பேச வேண்டும். விலை கேட்பவர்தான் அடுத்த வாக்கியத்தில் ஆர்டர் கொடுக்கிறவர். அவருக்குத் தனி எண் கொடுத்தால், விலை கேட்டபின் மறுபடியும் போன் போட வைக்கிறோம் என்று பொருள். ஆகவே ஆர்டரும் விலையும் எண் 1. லாரிக் குமாஸ்தாவுக்கு எண் 2. கணக்குப்பிள்ளைக்கு எண் 3. மற்றவர்கள் எதையும் அழுத்தாமல் இருந்தால் கல்லாவுக்கு. இவ்வளவு போதும்.

மூன்றுக்கு மேல் போனால் கேட்பவருக்கு முதலில் சொன்னது மறந்துவிடும். ஓர் எண்ணுக்குள் இன்னொரு பட்டியல் வைப்பதும் வேண்டாம். பருப்புக்கு 1, எண்ணெய்க்கு 2 என்று உள்ளே உள்ளே போனால், அவர் நம் கடையை விட்டு வெளியே போய்விடுவார்.

என்ன பேச வேண்டும்?

வரவேற்பு வாசகத்தை முதலில் எழுதி, உரக்கப் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். ஒரு மாதிரி இதோ:

"வணக்கம். (கடையின் பெயர்) மளிகை மண்டி. ஆர்டர் கொடுக்க, விலை கேட்க ஒன்றை அழுத்துங்கள். லாரி விவரத்துக்கு இரண்டு. கணக்கு விவரத்துக்கு மூன்று. ஆளிடம் பேச அப்படியே லைனில் இருங்கள்."

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. வேலையை முதலிலும் எண்ணைப் பின்னாலும் சொல்ல வேண்டும். தமிழில் அதுதான் இயல்பு. கேட்பவர் தனக்கு வேண்டிய வேலை வந்ததும் காதைத் தீட்டிக் கொள்கிறார், உடனே எண் வருகிறது, அழுத்துகிறார். ஆங்கில வாசகத்தை மொழிபெயர்த்து "ஒன்றை அழுத்தவும், ஆர்டருக்கு" என்று வைத்தால், வேலை வருவதற்குள் எண் மறந்து போகும்.

2. கடையின் பெருமை, தொடங்கிய ஆண்டு, பண்டிகை வாழ்த்து, விளம்பரப் பாட்டு எதுவும் இங்கே வேண்டாம். அவர் நமக்குத் தினமும் போன் போடுகிறவர். ஒரே பெருமையை மாதம் முப்பது முறை கேட்க வைக்கக் கூடாது.

3. குரல் நம் கடைக்குரலாக இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் பழகிய ஒருவர், கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேசிப் பதிந்தால் போதும். தமிழும் தெலுங்கும் பேசும் வாடிக்கையாளர்கள் சரிபாதியாக உள்ள எல்லைப்புற ஊர்களில் மட்டும் இரண்டாவது மொழியை யோசிக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பட்டியல் வைத்தால் எல்லோருக்கும் ஐந்து நொடி கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள்.

4. "லைனில் இருங்கள்" என்ற கடைசி வாசகத்தை விட்டுவிடவே கூடாது. டச் செல்போனில் காதருகே வைத்ததும் திரை அணைந்துவிடும். எண் அழுத்த வேண்டுமானால் போனைக் காதிலிருந்து எடுத்து, கீபேட் என்ற இடத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும். தராசில் கை வைத்துக் கொண்டு தோளில் போனை இடுக்கிப் பேசும் கடைக்காரருக்கு அது நடக்காத காரியம். கண் மங்கிய பெரியவர்களுக்கும் அப்படியே.

பெட்டியில் வைக்க வேண்டிய கணக்குகள்

இனி மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்ய வேண்டியவை. எல்லாப் பெட்டிகளிலும் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

எத்தனையாவது மணியில் இயந்திரம் எடுக்க வேண்டும்? நம் நாட்டில் "டிரிங் டிரிங்" என்று ஒரு ஜோடி மணி அடித்து, இடைவெளி விட்டு, அடுத்த ஜோடி தொடங்க மூன்று நொடி ஆகிறது. மூன்று மணி என்றால் ஒன்பது நொடி. கடை நேரத்தில் மூன்று மணி வரை ஆள் எடுக்கட்டும். அதற்குள் யாரும் எடுக்கவில்லை அல்லது எல்லோரும் பேச்சில் இருக்கிறார்கள் என்றால் மட்டும் இயந்திரம் எடுக்கட்டும். ஆளுக்குத் துணையாகத்தான் இயந்திரம், ஆளுக்குப் பதிலாக அல்ல. பல பெட்டிகளில் முதல் மணியிலேயே இயந்திரம் எடுக்கும்படி கம்பெனியில் வைத்து அனுப்பியிருப்பார்கள். அதை மாற்றச் சொல்லுங்கள்.

எதையும் அழுத்தாவிட்டால்? வாசகம் முடிந்து நான்கு நொடி பார்த்துவிட்டு ஆர்டர் போன்களுக்கே அனுப்ப வேண்டும். சில பெட்டிகள் வாசகத்தை மூன்று முறை திரும்பச் சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிடும். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. தவறான எண்ணை அழுத்தினாலும் இதே வழிதான்.

போன் எடுக்கவில்லை என்றால்? ஆர்டருக்கு இரண்டு போன்கள் இருந்தால் இரண்டையும் ஒரு குழுவாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்று பேச்சில் இருந்தால் அடுத்தது அடிக்கும். ஐந்து மணி, அதாவது பதினைந்து நொடி அடித்தும் எடுக்காவிட்டால் பதிவுப் பெட்டிக்குப் போகட்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். வாசகம் 12 நொடி, காத்திருப்பு 4, மணி 15, ஆக 31 நொடி. நாம் முதலில் சொன்ன அரை நிமிடக் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

எக்ஸ்டென்ஷன் எண்கள் மோதக் கூடாது. லாரி விவரத்துக்கு எண் 2 என்று வைத்துவிட்டு, ஒரு மேசைப் போனுக்கு 21 என்று எண் கொடுத்திருந்தால், ஒருவர் 2-ஐ அழுத்தியதும் அடுத்து 1 வருமோ என்று இயந்திரம் காத்துக் கொண்டிருக்கும். கூப்பிட்டவர் லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார். மேசைப் போன்களுக்கு 41, 42, 43 என்று பட்டியலில் இல்லாத எண்ணில் தொடங்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கூப்பிட்டவர் வைத்ததை இயந்திரம் அறிய வேண்டும். பழைய செம்புக் கம்பி லைனில், எதிர்முனை வைத்துவிட்டது என்பதை இயந்திரம் என்கேஜ் ஒலியைக் கேட்டுத்தான் தெரிந்து கொள்ளும். அமெரிக்காவில் அந்த ஒலி 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம் நாட்டில் 400 ஹெர்ட்ஸ். பெட்டி அமெரிக்கக் கணக்கிலேயே இருந்தால், ஆள் போனபின்னும் லைனைப் பிடித்துக் கொண்டு வெறும் ஒலியைப் பதிந்து கொண்டிருக்கும். பதிவுப் பெட்டியில் "டூ டூ" என்று நீண்ட சத்தம் இருந்தால் இதுதான் காரணம். பெட்டியில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, ஒலியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இணைய வழி லைன் என்றால் இன்னொன்று. ஃபைபர் வழியாகவோ வாடகைக்கு எடுக்கும் இணையச் சேவை வழியாகவோ லைன் வந்தால், குரல் சுருக்கப்பட்டு வரும்போது பட்டன் ஒலி சிதைந்து போவதுண்டு. அதற்காகப் பட்டன் எண்ணைக் குரலோடு கலக்காமல் தனிச் செய்தியாக அனுப்பும் முறை 2000-இல் ஆர்.எஃப்.சி. 2833 என்ற பெயரில் வந்தது. 2006-இல் அது ஆர்.எஃப்.சி. 4733 என்று திருத்தப்பட்டது. மெக்கானிக்குகள் இன்றும் பழைய எண்ணையே சொல்வார்கள். இரு முனையிலும் இதே முறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முறை அழுத்தியது இரண்டாக விழுந்தாலோ, விழாமலே போனாலோ முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பகல், இரவு, விடுமுறை

பெட்டிக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கடை நேரத்துக்கு ஒரு வாசகம், கடை சாத்திய நேரத்துக்கு ஒரு வாசகம், விடுமுறைக்கு ஒரு வாசகம் என்று மூன்று வைக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, எந்த டப்பா காலி என்று பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார். அந்த நேரத்தில் நம் கடை பூட்டியிருக்கும். அவருக்காகத்தான் இரவுப் பதிவுப் பெட்டி.

அந்த வாசகம் இப்படி இருக்கலாம்: "கடை நேரம் முடிந்தது. ஆர்டரைப் பதிவு செய்யலாம். சத்தம் கேட்டதும் ஊர், கடைப்பெயர், சரக்கு, ரகம், அளவு சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குள் உங்களைக் கூப்பிட்டு உறுதி செய்வோம்."

இதில் கடைசி வாசகம் ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியாது என்றால் இரவுப் பெட்டி வைக்காமல் இருப்பதே நல்லது. ஒரு முறை பதிந்துவிட்டுப் பதில் வராதவர், மறுமுறை பதிய மாட்டார். காலையில் யார் கேட்பது என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். கேட்டதை ஆர்டர் சிட்டையில் நேரத்துடன் எழுத வேண்டும். திருப்பிக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி உறுதி செய்த பிறகுதான் சரக்கு எடுக்க வேண்டும். சரக்கு போய்ச் சேரும் வரை பதிவை அழிக்கக் கூடாது.

வாசித்துக் காட்டாமல் சரக்கு அனுப்பினால் வம்புதான். "உளுந்து ஐந்து" என்று பதிவில் இருக்கும். முழு உளுந்தா, உடைத்ததா? "அரிசி பத்து சிப்பம்" என்று இருக்கும். 25 கிலோவா, 26 கிலோவா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோ மூட்டையும் சந்தைக்கு வந்துவிட்டது. இரைச்சலில் அறுபதும் எழுபதும் ஒன்றாகவே காதில் விழும். திரும்பி வரும் மூட்டைக்கு லாரி வாடகை இரண்டு பக்கமும் நம் தலையில்தான்.

பேசினாலே புரிந்து கொண்டு ஆர்டர் எழுதும் கருவிகளும் இப்போது தமிழில் வருகின்றன. அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கும் இதே விதிதான். எழுதியதை வாசித்துக் காட்டி, "சரி" என்று வாங்கிய பிறகே சிட்டை.

விடுமுறை வாசகம் பற்றி ஒரு சொல். பொங்கலுக்குப் பதிந்த "மூன்று நாள் விடுமுறை" என்பது மாசி வரை ஒலித்துக் கொண்டிருந்தால், கடையையே மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். விடுமுறை வாசகத்தில் எந்தத் தேதியில் கடை திறக்கும் என்பதைச் சொல்லுங்கள். பெட்டியில் முடியும் தேதியையும் வைத்துவிடுங்கள்.

விலையும் பணமும் இயந்திரத்திடம் வேண்டாம்

தானே பதில் சொல்லும் மூன்றாவது வேலைக்கு இப்போது வருகிறேன். "விலைப் பட்டியலைப் பதிந்து வைத்துவிட்டால் பாதி போன் குறையுமே" என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். பருப்பு, மிளகாய் வற்றல், மஞ்சள் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் பதிந்த விலையை மாலையில் கேட்டவர், "உங்க மிஷின் சொன்ன விலைக்குக் கொடுங்க" என்பார். அவர் கேட்பதில் தவறு இல்லை. கொடுத்தால் நமக்கு நஷ்டம், கொடுக்காவிட்டால் பெயர் கெடும். அது மட்டும் அல்ல, விலை கேட்கும் பேச்சில்தான் நமக்கு ஊர் நிலவரம் தெரிகிறது. எந்தப் பக்கம் சரக்கு இழுக்கிறது, யார் விலையைக் குறைக்கிறார்கள் என்பதை நூறு போன்களில் 24 போன்கள் சொல்லிக் கொண்டிருக்கின்றன. அந்தக் காதை நாமே அடைத்துக் கொள்ளக் கூடாது. அப்படியும் பதிய விரும்புவோர் தேதியையும் மணியையும் முதலில் சொல்லி, ஆர்டர் உறுதியாகும் நேரத்து விலையே செல்லும் என்பதையும் சேர்த்துப் பதியட்டும்.

பாக்கியும் அப்படித்தான். எண் அழுத்தினால் பாக்கி சொல்லும்படி வைத்தால், அவர் பாக்கியை அடுத்தவரும் கேட்டுவிட முடியும். கடன் கணக்கு என்பது இருவருக்கு இடையே உள்ள மானம். அதைக் கணக்குப்பிள்ளை குரல் தெரிந்து, ஆள் தெரிந்து சொல்வதே முறை.

பணம் அனுப்பும் விவரத்தைப் பதிவில் வைக்கவே கூடாது. மண்டியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "எங்க வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணில் போடுங்க" என்று ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. கணக்கு எண் மாறினால் கடை முத்திரையிட்ட கடிதம் மூலமே தெரிவிப்போம், போனில் சொல்ல மாட்டோம் என்று வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பில்லிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் எண் ஆகியவற்றை நம் இயந்திரம் ஒருபோதும் கேட்காது என்பதும் அதில் இருக்கட்டும். யாராவது பணம் இழந்துவிட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

பெட்டிக்குப் பூட்டு

கல்லாவுக்குப் பூட்டுப் போடுகிறோம், இந்தப் பெட்டிக்குப் போடுவதில்லை. வெளியிலிருந்து போன் போட்டு, ரகசிய எண் அழுத்தி, பதிவுகளைக் கேட்கும் வசதி இதில் உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது அந்த எண் 0000 அல்லது 1234 என்று இருக்கும். அதை அறிந்த திருடர்கள் இரவில் உள்ளே புகுந்து, நம் லைன் வழியாக வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். பில் நமக்கு வரும். உலகம் முழுவதும் நடக்கும் திருட்டு இது. ஆகவே:

1. பெட்டியை மாட்டிய அன்றே எல்லா ரகசிய எண்களையும் ஆறு இலக்கமாக மாற்றுங்கள். கடை போனின் கடைசி எண்களும், பிறந்த ஆண்டும் வேண்டாம்.

2. மெக்கானிக்கின் எண்ணையும் மாற்றி, அதை ஓர் உறையில் இட்டுக் கல்லாவில் வையுங்கள்.

3. மூன்று முறை தவறினால் பூட்டிக் கொள்ளும்படி வையுங்கள்.

4. பதிவுப் பெட்டியிலிருந்து வெளியே போன் போகும் வசதியை நிறுத்துங்கள். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் லைனிலேயே தடை செய்யச் சொல்லுங்கள்.

5. வேலையை விட்டுப் போனவரின் பதிவுப் பெட்டியை அன்றே அழித்துவிடுங்கள்.

பேச்சைப் பதிவு செய்யும் வசதி இருந்தால், "இந்த உரையாடல் பதிவாகிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும்.

பணம் கொடுக்கும் முன் சோதனை

மெக்கானிக் வேலை முடிந்தது என்றதும் பணத்தை எடுக்காதீர்கள். கடைக்கு வெளியே போய், உங்கள் செல்போனிலிருந்து இந்த எட்டையும் செய்து பாருங்கள்.

1. எதையும் அழுத்தாமல் இருந்தால் ஆள் வருகிறாரா?

2. இல்லாத எண்ணான 9-ஐ அழுத்தினால் என்ன ஆகிறது?

3. வாசகம் ஓடும்போதே எண்ணை அழுத்தினால் உடனே போகிறதா? தினமும் கூப்பிடுகிறவருக்கு இது மிகவும் தேவை.

4. இரண்டு ஆர்டர் போன்களும் பேச்சில் இருக்கும்போது மூன்றாவது ஆள் எங்கே போகிறார்?

5. பதிவின் நடுவில் வைத்துவிட்டால் லைன் விடுபடுகிறதா?

6. சாதாரண பட்டன் போன், டச் போன், லேண்ட்லைன் மூன்றிலிருந்தும் எண் விழுகிறதா?

7. மின்சாரம் போய் வந்தபின் கடிகாரமும் வாசகமும் அப்படியே இருக்கின்றனவா?

8. பெட்டியே கெட்டுப் போனால், லைன் நேராக ஒரு மேசைப் போனில் அடிக்குமா?

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. உங்களிடம் நீண்ட நாள் சரக்கு எடுக்கும், கொஞ்சம் கோபக்காரரான ஒரு சில்லறைக் கடைக்காரரை ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லி, குறை கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே குறித்துக் கொண்டு மெக்கானிக்கை மறுபடியும் அழையுங்கள்.

அதன்பின் மாதம் ஒரு முறை பெட்டியின் கணக்கைப் பாருங்கள். எத்தனை பேர் இடையில் வைத்துவிட்டார்கள் என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் காட்டும். அந்த எண் கூடினால், வாசகம் நீண்டுவிட்டது அல்லது ஆள் எடுக்கவில்லை என்று பொருள். இடையில் வைத்தவர்களின் எண்களை எடுத்து, "கூப்பிட்டீர்களே, என்ன வேண்டும்?" என்று நாமே கேட்கலாம். வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து வர அந்த ஒரு கேள்வி போதும். அதை மட்டும் இயந்திரத்திடம் விடாமல் நீங்களே கேளுங்கள்.